போல்தினியின் வெர்டியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் இத்தாலிய உருவப்பட ஓவியர் ஜொவானி போல்தினி பற்றிய கட்டுரையைப் படித்தேன். பாரிஸில் பல்லாண்டு பூட்டிக் கிடந்த வீட்டை 2010-ல் திறந்தபோது அவர் வரைந்த மார்த் தெ ஃப்ளோரியான் என்ற பெண்ணின் படம் கிடைத்ததும், அது 20 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனதும் சுவாரஸ்யமான சங்கதிதான். ஆனால் பாதிக் கட்டுரை அதற்கே போய்விட்டது. மீதியில், சீமாட்டிகளின் பட்டு அங்கிகளை வரைந்தே காலம் தள்ளியவர் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார் கட்டுரையாளர். எனக்கு ஒப்பவில்லை.

1842-ல் ஃபெராராவில் பிறந்தவர் போல்தினி. அப்பாவும் ஓவியர் என்பதால் முதல் பாடம் வீட்டிலேயே. 20 வயதையொட்டி ஃப்ளாரன்ஸ் போய் மக்கியாயோலி என்ற இத்தாலிய ஓவியர் குழுவோடு சேர்ந்தார். அவர்கள் வெட்டவெளியில் வெயிலையும் நிழலையும் திட்டுத் திட்டாக வைத்துக்கொண்டிருக்க, இவருக்கு முகங்கள் மேல்தான் கண். அதே காலத்தில் பிஸ்தோயா அருகே ஒரு மாளிகைச் சுவர்களில் கிராமத்து வாழ்க்கையைப் பெரிய அளவில் தீட்டியிருக்கிறார். கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை. 1871-ல் பாரிஸில் குடியேறியதும், கூபில் என்ற ஓவிய வணிகருக்காக 18-ஆம் நூற்றாண்டு உடை போட்ட மனிதர்களைச் சின்னச் சின்னப் படங்களாக வரைந்து தள்ளினார். நன்றாக விற்றன, எனக்கு அவை பிடிக்காது. 1876-ல் ஹாலந்து போய் 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸின் படங்களைப் பார்த்தார். அந்தத் தூரிகை வீச்சு இவர் கையிலும் ஏறிக்கொண்டது.

நான் எழுத வந்தது வெர்டி படத்தைப் பற்றி. இசைமேதை ஜுசெப்பே வெர்டி 1886-ல் பாரிஸ் வந்தபோது போல்தினி அவரை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். படம் போல்தினிக்கே திருப்தியில்லை. இன்னொரு முறை உட்காரச் சொல்லிக் கேட்டு, சில மணி நேரத்தில் பேஸ்டல் என்ற வண்ணக்கோலில் முடித்தார். கறுப்புத் தொப்பி, கழுத்தில் முடிந்த வெள்ளைப் பட்டுத்துணி, நரைத்த தாடி. அவர் போட்டிருக்கும் கோட்டைக் கவனியுங்கள்: நாலைந்து கறுப்பு இழுப்புகள், அவ்வளவுதான். உழைப்பெல்லாம் கண்களில் இருக்கிறது. 70 வயதைத் தாண்டிய அந்த மனிதர் 'சீக்கிரம் முடியப்பா' என்று பார்ப்பதாகவே எனக்குத் தோன்றும். முதல் படத்தை வெர்டிக்குக் கொடுத்துவிட்ட போல்தினி, இதை விற்காமல் தன்னிடமே வைத்திருந்து, 1918-ல் ரோம் நகரின் நவீன ஓவியக் கூடத்துக்கு நன்கொடையாகத் தந்தார். காசுக்கு மட்டுமே வரைந்தவர் செய்கிற காரியமா இது?

கட்டுரையாளர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடைசிக் காலப் படங்களில் கழுத்தும் விரல்களும் நீண்டுகொண்டே போகின்றன. எல்லாப் பெண்களும் ஒரே புயலில் சிக்கியவர்கள் போல இருக்கிறார்கள். ஆனால் 1897-ல் வரைந்த, பிரெஞ்சுக் கவிஞர் மொந்தெஸ்க்யூ பிரபுவைப் பாருங்கள். சாம்பல் நிற உடையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, தன் கைத்தடியின் நீலப் பிடியைத் தானே ரசித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆளின் பெருமிதம் முழுக்க அதில் தெரிகிறது. முகஸ்துதிக்காரரால் இப்படி வரைய முடியாது.

வெர்டி படத்தை அடுத்த இதழில் வண்ணத்தில், முழுப் பக்கத்துக்குப் போடுங்கள். தொப்பியை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.