இரவில் ஒரு மின்னூட்டு முனை: எங்கள் கூட்டுரிமைக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரிலுள்ள நம் கூட்டுரிமைக் குடியிருப்பின் (கொண்டோமினியம்) கார் நிறுத்துமிடத்தில் மின்வாகனங்களுக்கு மின்னூட்டிகள் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை கடந்த இரண்டு ஆண்டுப் பொதுக்கூட்டங்களிலும் எழுந்து, இரண்டிலும் வாக்கெடுப்புக்கு விடப்படாமலேயே அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. மூன்றாவது கூட்டம் நெருங்குகிறது. அண்டைவீட்டார் அனைவரும், இதே நிலையிலுள்ள பிற குடியிருப்புகளின் குழுக்களும் படிக்க வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் மின்கார் வாங்கி ஓராண்டாகிறது. என் மாமியாருக்கு வாரத்தில் மூன்று நாள் காலையில் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. அவரை அழைத்துச் செல்வதும், வேலைக்குப் போய் வருவதுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். இங்கே மின்னூட்ட வழியில்லாததால், இரவு ஒன்பது மணிவாக்கில் சாலைக்கு அப்பாலுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு நடந்து வீடு திரும்பி, நள்ளிரவில் மீண்டும் போய் எடுத்து வருகிறேன். அந்த முனைகள் அந்த புளோக்குகளில் வாழ்வோரை எண்ணி அமைக்கப்பட்டவை. அவையும் ஒரு சிலவே. என் கார் நின்றதால் அங்கு வாழும் ஒருவர் காத்திருக்க நேர்ந்த இரவு, எனக்கு உறக்கமே வரவில்லை.

பெட்ரோல் நிலையத்துக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவதைப் போல மின்னேற்றமும் வெளியே முடிய வேண்டிய வேலை என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் சொன்னார். மின்காரின் இயல்பு அதற்கு நேர்மாறானது. கார் நாளின் பெரும்பகுதி நின்றுகொண்டுதான் இருக்கிறது. நிற்கும் அந்த நேரத்தில், நின்ற இடத்திலேயே, மெதுவாக மின்சாரம் ஏறுவதே அதற்குப் பொருத்தம். அடிக்கடி அதிவேக மின்னேற்றம் செய்வதைவிட மெதுவான மின்னேற்றம் மின்கலனுக்கும் நல்லது. செலவிலும் வேறுபாடு உண்டு: வீட்டு மின்கட்டணம் அண்மைய ஆண்டுகளில் ஒரு கிலோவாட் மணிக்கு (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு) 30 காசை ஒட்டியே இருக்க, பொது முனைகளில் பெரும்பாலும் 50 காசுக்கு மேல் கொடுக்கிறோம்.

கட்டடத்தின் மின்சுமை தாங்காது என்பதே கூட்டத்தில் மிகுதியாக எழுந்த அச்சம். 1990களில் எழுந்த கட்டடம் நம்முடையது. அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். என் கார் 100 கிலோமீட்டருக்கு 16 கிலோவாட் மணி செலவழிக்கிறது. எனவே ஒரு நாள் ஓட்டத்துக்கு வேண்டியது 8 கிலோவாட் மணி. வீடுகளில் வழக்கமாகப் பொருத்தப்படும் 7.4 கிலோவாட் மின்னூட்டி அதை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஏற்றிவிடும். இருபது கார்கள் இதே அளவு ஓடினாலும் ஓர் இரவுக்கு மொத்தம் 160 கிலோவாட் மணி. இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை எட்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் சராசரி 20 கிலோவாட், அதாவது ஒரே நேரத்தில் முழுவீச்சில் இயங்கும் மூன்று மின்னூட்டிகளுக்கும் குறைவான சுமை. இருக்கும் மின்சாரத்தை இணைந்துள்ள கார்களுக்கு மாறி மாறிப் பங்கிட்டு, மொத்தச் சுமை வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் சுமை மேலாண்மைக் கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு முதன்மை மின்பலகையில் இரண்டு வாரம் சுமையை அளந்து பதிவு செய்தால், நம் கையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த அளவீட்டைக்கூட இதுவரை நாம் செய்யவில்லை என்பதே என் மனக்குறை.

தீ பற்றிய கவலையும் நியாயமானதே. பிள்ளைகள் உறங்கும் கட்டடம் இது. ஆனால் முறையான மின்னூட்டி வெறும் பிளக் அன்று. காரும் மின்னூட்டியும் ஒன்றோடொன்று தொடர்புகொண்டு, இணைப்பு சரியென உறுதியான பிறகே மின்சாரம் பாயும். மின்கசிவு ஏற்பட்டால் பாதுகாப்புக் கருவி உடனே துண்டிக்கும். 2023 டிசம்பர் 8 அன்று நடப்புக்கு வந்த மின்வாகன மின்னூட்டுச் சட்டத்தின்படி, மின்னூட்டிகள் தொழில்நுட்பத் தரநிலைக்கு ஏற்ப அனுமதி பெற்று, நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். முறையான வசதியை மறுத்துக்கொண்டே போனால், மின்தூக்கி அருகிலுள்ள சுவர்ப் பிளக்கிலிருந்து யாரேனும் நீட்டிப்புக் கம்பி இழுக்கத் துணியும் நாள் வரலாம். நான் அஞ்சுவது அதற்குத்தான்.

கார் இல்லாதோரின் பராமரிப்புக் கட்டணத்தில் இதைச் செய்வது முறையா என்று கேட்ட மூத்தவருக்கு என் பதில்: முறையன்று, அப்படி யாரும் கேட்கவும் இல்லை. முதலீட்டைத் தானே ஏற்று, பயன்படுத்துவோரிடம் கட்டணம் பெறும் நிறுவனங்கள் உள்ளன. கூட்டுரிமைக் குடியிருப்புகளுக்கென 2021 ஜூலையில் தொடங்கிய அரசாங்க மானியம், நிறுவும் செலவில் பாதியை, ஒரு மின்னூட்டிக்கு 4,000 வெள்ளி வரை ஏற்கும் வகையில் அமைந்தது. எண்ணிக்கை வரம்பு உள்ள அத்தகைய மானியங்கள் தயங்கி நிற்போருக்காகக் காத்திருப்பதில்லை.

மேலே சொன்ன மின்வாகன மின்னூட்டுச் சட்டம் நம்மைப் போன்ற குடியிருப்புகளுக்கு வழியையும் எளிதாக்கியிருக்கிறது. மின்னூட்டி அமைக்க முன்பு மிகப் பெரும்பான்மை வேண்டியிருந்த தீர்மானத்துக்கு, விதித்துள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இப்போது பாதிக்கு மேற்பட்ட பங்கு மதிப்பின் (ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய வாக்கு அளவின்) ஆதரவு போதும். புதிய கட்டடங்களில் 15 விழுக்காட்டு நிறுத்துமிடங்களுக்குப் போதுமான மின்திறனை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும் என்பதும் விதி. பழைய கட்டடமாகிய நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால், முடிவு முழுக்க நம் கையில் இருக்கிறது. 2024இல் இங்கு புதிதாகப் பதிவான கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்கார். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்தும் தூய்மையான எரிசக்தியில் இயங்குபவையாக இருக்க வேண்டும். இன்று கேட்பவர்கள் சில குடும்பங்களாக இருக்கலாம். கார் வைத்திருக்க உரிமை தரும் வாகன உரிமைச் சான்றிதழின் காலம் முடிந்து அடுத்த காரைத் தேடும்போது உங்களில் பலரும் இதே கேள்வியோடு நிற்பீர்கள்.

சுமையை அளப்பதற்கும், குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி பெறுவதற்கும், தொடக்கமாக வருகையாளர் நிறுத்துமிடத்தை ஒட்டி நான்கு மின்னூட்டிகள் அமைப்பதற்கும் அனுமதி கோரும் தீர்மான வரைவில் பதினொரு குடும்பங்கள் கையெழுத்திட்டு, சென்ற வாரம் நிர்வாக முகவர் அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறோம். கூட்ட அறிவிப்பு அச்சாகும் முன் அதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, இம்முறை வாக்கெடுப்புக்கு விடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இக்குடியிருப்பில் பதினாறு ஆண்டுகளாக வாழும் ஒரு குடியிருப்பாளர்