பள்ளி நூலகத்துக்கு எழுதப்பட்ட கொள்கை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி நூலகங்கள் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். கட்டடம், மேசை நாற்காலி, கணினி, மின்னூல் என எல்லாவற்றையும் கட்டுரையாளர் அக்கறையோடு பேசியிருக்கிறார். ஆனால் எந்த நூலை வாங்குவது, எதை நீக்குவது, யார் எப்போது எடுத்துப்போகலாம், தொலைந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பள்ளி நூலகராக நான் அறிந்த பல பள்ளிகளிலும் இதற்கு எழுத்தில் விடை கிடையாது. தலைமையாசிரியர் மாறினால் நூலகத்தின் நடைமுறையும் மாறிவிடுகிறது.

தொலையும் நூலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அலமாரிக்குப் பூட்டு வருவதே அதனால்தான். ஆண்டிறுதியில் இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். பதிவேட்டில் இருக்கும் நூல் அலமாரியில் இல்லையென்றால் அதன் விலையை நூலகரே கட்ட வேண்டும் என்ற நிலை இருந்தால் அவர் என்ன செய்வார்? சாவியைக் கையில் வைத்துக்கொள்வார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் புழங்கும் நூல் கிழியும், சில தொலையும். அதைச் செலவாகக் கருதாமல் குற்றமாகக் கருதும் பள்ளி, யாரும் தொடாத நூலகத்தைத்தான் பெறும்.

இந்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் இதில் நம்மைவிட நிதானமாக இருக்கின்றன. ஓராண்டில் இரவல் கொடுத்த அல்லது பார்வைக்கு எடுத்த 1,000 நூல்களுக்கு 5 தொலைவதை நியாயமான இழப்பாக அவை ஏற்கின்றன. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கணக்கு மொத்த இருப்பின் மீது போடப்படவில்லை, புழக்கத்தின் மீது போடப்படுகிறது. நிறைய இரவல் கொடுப்பவருக்கு அதற்கேற்ற சலுகை உண்டு. பூட்டி வைப்பவருக்கு எதுவும் இல்லை. எந்த நாட்டுப் பள்ளியும் தன் கொள்கையில் இந்த ஒரு ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டாலே பாதிப் பூட்டுகள் திறந்துவிடும்.

கட்டுரை நூல்களின் எண்ணிக்கையை வலியுறுத்துகிறது. சர்வதேச நூலகச் சங்கக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் 2002-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் மாணவருக்குப் 10 நூல், மிகச் சிறிய பள்ளிக்கும் குறைந்தது 2,500 என்று ஓர் அளவைச் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த 2,500 பொருத்தமானவையாகவும் காலத்துக்கேற்றவையாகவும் இருக்க வேண்டும் என்று அதே வாக்கியம் சொல்கிறது. எண்ணிக்கை குறைந்துவிடுமே என்று எதையும் கழிக்காமல் வைத்திருக்கும் பள்ளிகளில், புளூட்டோவை ஒன்பதாவது கோளாகச் சொல்லும் வானியல் நூல் இன்னும் வரிசையில் நிற்கிறது. அது கோள் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது 2006-இல். மாணவி அதை எடுத்துக் கட்டுரை எழுதினால் பிழை யாருடையது? நூல் வாங்க விதி எழுதும்போதே நூல் கழிக்கவும் விதி எழுத வேண்டும். நன்கொடைக்கும் அதே அளவுகோல்தான் பொருந்தும். வீட்டில் இடமில்லை என்று கொண்டுவந்து கொட்டப்படும் பழைய வினா விடைத் தொகுப்புகளைச் சிரித்த முகத்துடன் வாங்கி வைக்கும் கடமை நூலகருக்கு இல்லை.

எழுத்தில் உள்ள கொள்கை உண்மையில் சோதிக்கப்படுவது ஒரு பெற்றோர், ‘இந்த நூல் எப்படி இங்கே வந்தது?’ என்று கோபத்தோடு வரும் நாளில். கொள்கை இல்லாத பள்ளியில் அன்று மாலையே நூல் காணாமல் போய்விடும். கொள்கை இருந்தால் புகாரை எழுத்தில் கேட்கலாம். நூலை முழுவதும் வாசித்தீர்களா என்று கேட்கலாம். ஆசிரியர், நூலகர், பெற்றோர் அடங்கிய குழு வாசித்து முடிவு சொல்லும்வரை நூலை அலமாரியிலேயே வைத்திருக்கலாம். தன் பிள்ளை எதை வாசிக்கக் கூடாது என்று சொல்ல ஒரு பெற்றோருக்கு உரிமை உண்டு. மற்றவர் பிள்ளைகளுக்காக அதைச் சொல்ல உரிமை இல்லை.

குழு அமைப்பதோடு வேலை முடிந்துவிடாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம் 1976-இல் சில நூல்களை நூலகத்திலிருந்து அகற்றியது. பெற்றோரும் பள்ளி ஊழியர்களும் அடங்கிய குழுவை வாரியமே அமைத்தது. பல நூல்களைத் திரும்ப வைக்கலாம் என்ற அந்தக் குழுவின் கருத்தை வாரியமே பெருமளவு ஒதுக்கியது. மாணவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து நூலை அகற்றக் கூடாது என்று 1982-இல் நீதிபதிகளின் முதன்மைக் கருத்து கூறியது; அமர்வு பிளவுபட்டிருந்தது, பெரும்பான்மைத் தீர்ப்பு அமையவில்லை. பள்ளி நிர்வாகம் தன்னையும் கட்டுப்படுத்திக்கொள்ளாத கொள்கையால் பயனில்லை என்பதை அந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

யுனெஸ்கோவின் 1999-ஆம் ஆண்டுப் பள்ளி நூலகப் பிரகடனம் கருத்தியல், அரசியல், மதத் தணிக்கையோடு வணிக அழுத்தத்தையும் சேர்த்தே விலக்கியிருக்கிறது. முதல் மூன்றைப் பேச ஆள் இருக்கிறார்கள். மொத்தமாக வாங்கினால் பெரும் கழிவு என்று வரும் விற்பனையாளரிடம் நூல் தேர்வை ஒப்படைத்துவிடும் பழக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

பாடவேளை பற்றியும் ஒரு சொல். வாரம் ஒரு நூலக வகுப்பு என்பது நல்லதுதான், மற்ற நேரத்தில் கதவு திறந்திருந்தால். அறிவியல் வகுப்பில் எழும் கேள்வி அடுத்த வியாழக்கிழமைவரை காத்திருக்காது. ஆசிரியர் விடுப்பு எடுத்த வகுப்புகளைக் கொண்டுவந்து அடைக்கும் அறையாக நூலகம் இருக்கும்வரை, மாணவர்களோடு சேர்ந்து தேடவும் தகவலைச் சரிபார்க்கவும் நூலகருக்கு நேரம் எங்கிருந்து வரும்? நூலகரின் வேலை எது, எது அல்ல என்பதும் கொள்கையில் இடம்பெற வேண்டும். யார் எந்த நூலை எடுத்தார் என்ற விவரம் வெளியே போகக் கூடாது என்பதும்தான்.

கட்டுரையாளர் அடுத்த பகுதியில் பள்ளிகளை நேரில் பார்த்து எழுதப்போவதாகக் கூறியிருக்கிறார். போகும் இடங்களில் நூலகக் கொள்கையின் பிரதியையும் சென்ற மாத இரவல் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். புதிய அறையைப் பிறகு சுற்றிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி நூலகர்