கோணல் தையலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

பேரனுக்காகத் தைத்த குவில்ட் போர்வை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. 20 கட்டம், துவைப்பதற்கு முன் 36க்கு 45 அங்குலம். ஏழு மாதம் பிடித்தது. பார்த்தவர்கள் எல்லாம் "நீயே தைத்தாயா?" என்று கேட்டீர்கள். நான்தான் தைத்தேன். ஆனால் தனியாக உட்கார்ந்திருந்தால் மூன்றாவது கட்டத்திலேயே மூட்டை கட்டிப் பரணில் போட்டிருப்பேன். போட விடாதவர்களுக்குத்தான் இந்த மடல்.

குவில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நகராமல் இருக்க ஊடாகத் தைக்க வேண்டும். வழக்கமான தையலில் மிஷினின் பல் துணியைத் தானே இழுத்துக்கொண்டு போகும். ஃப்ரீ மோஷன் குவில்ட்டிங்கில் அந்தப் பல்லை இறக்கிவிட்டு, துணியை நாமே இரண்டு கையாலும் நகர்த்துகிறோம். தையல் எவ்வளவு நீளம் விழும் என்பதும் நம் பாடுதான். கால் அழுத்தி கை தயங்கினால் கடுகு கடுகாகத் தையல் விழும். கை ஓடி கால் தயங்கினால் காத தூரத்துக்கு ஒன்று விழும். 30 வருடம் வீட்டில் ஜாக்கெட் தைத்தவள் ஆயிற்றே, இதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன்.

முதல் நன்றி மிஷின் மெக்கானிக் அண்ணனுக்கு. முதல் வாரம் முழுக்க துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு கட்டியது. பாபினை மாற்றினேன், ஊசியை மாற்றினேன், மிஷினைத் திட்டினேன். அண்ணன் வந்து, "ஒரு வரி போடுங்கம்மா" என்றார். போட்டேன். "லீவரை இறக்கவே இல்லையேம்மா" என்றார். துணியை அழுத்தும் பாதத்தை இறக்கும் லீவர் அது. இந்த வேலைக்கு மாட்டும் டார்னிங் ஃபுட் என்ற பாதம் துணிமேல் அழுந்தாமல் சற்று மேலேயே நிற்கும். அதனால் இறக்கிவிட்டோமா இல்லையா என்று பார்த்தால் தெரியாது. இறக்காவிட்டால் மேல்நூலைப் பிடிக்கும் தட்டுகள் திறந்தே கிடக்கும். நூல் தளர்ந்து அடியில் கொத்தாகச் சேரும். அண்ணன் காசு வாங்கிக்கொள்ளவில்லை. அதைவிட, சிரிக்காமல் சொன்னாரே, அதற்கு நன்றி.

அப்புறம் எதிர்வீட்டு அக்கா. மிதி மிஷினில், வளையத்தில் துணியை இறுக்கி, புடவை புடவையாக எம்பிராய்டரி போட்டுக் குடும்பத்தை நடத்தியவர். ஏதோ புது வித்தை கற்கிறேன் என்ற நினைப்பில் நான் இருக்க, "அட, இது நம்ம எம்பிராய்டரிதானே, வளையம்தான் இல்லை" என்று முடித்துவிட்டார். தினமும் நாலு மணிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஊசியைப் பார்க்காதே. அது எங்கே போகணுமோ அங்கே பாரு" என்று எத்தனை தடவை சொன்னாரோ! வளைவில் என் கை பாயும்போதெல்லாம் பின்பக்கம் நூல் கண்ணிமை மயிர் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. வளைவில் நிதானித்து, நேர்க்கோட்டில் ஓட விடச் சொன்னவர் அக்காதான். துணி வழுக்காமல் இருக்க, ஹார்டுவேர் கடையில் ரப்பர் புள்ளி வைத்த கையுறை வாங்கச் சொன்னதும் அவரே.

என் அம்மாவுக்கு 81 வயது. அவருக்கு நன்றி சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். ஆரம்பக்காரர்கள் முதலில் பழகுவது ஸ்டிப்ளிங். ஒரே கோடு வளைந்து வளைந்து போய்க் கட்டத்தை நிரப்பும்; எங்கேயும் தன்னையே வெட்டக் கூடாது. என் கையோ சிக்குக்கோலத்துக்குப் பழகியது. கோடு கோட்டைத் தாண்டித்தான் போகும் அதற்கு. ஒவ்வொரு முறை வெட்டிக்கொள்ளும்போதும் பிரித்தேன். ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவள், பன்னிரண்டு வரை பிரித்துக்கொண்டே இருந்தேன். நாலாவது தடவை துணியே கிழிந்துவிட்டது. அம்மாவின் பழைய சின்னாளபட்டி சுங்குடி அது. அழுகை வந்துவிட்டது. அம்மா எழுந்து வந்து, "என் புடவை கிழிஞ்சதுக்கு அழறியா, கோடு கோணினதுக்கு அழறியா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. "வாசல்ல இழை தப்பினா மொத்தக் கோலத்தையுமா அழிப்பே? ஒரு சுழி சேர்த்துக்கிட்டு மேல போவே இல்ல?"

மறுநாள் கிழிசலின்மேல் ஓர் இலையை வைத்துத் தைத்தேன். ஸ்டிப்ளிங்கை விட்டுவிட்டு, கண்ணி கண்ணியாகச் சுழி போடத் தொடங்கினேன். சுழியில் கோடு தன்னையே வெட்டித்தான் ஆக வேண்டும். கை தானாக ஓடியது. பிரிக்கும் ஊசியைப் பூட்டி வைக்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். சரி, இரண்டு தடவை திரும்ப வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டொராண்டோவில் இருக்கும் நாத்தனார் மகளுக்கும் நன்றி. தன் பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டு பருத்திப் பஞ்சு விரிப்பைக் கொண்டுவந்தாள். "மிஷினில் போட்டால் கைவேலையா?" என்று ஓர் உறவினர் கேட்டபோது எனக்காக அவள்தான் வாதாடினாள். அமெரிக்காவிலும் இதே பேச்சு இருந்ததாம். 1989-இல் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் நடந்த குவில்ட் போட்டியில் கேரல் பிரையர் ஃபாலர்ட் என்பவர் மூன்று அடுக்கையும் மிஷினில் தைத்த குவில்ட் போட்டியிலேயே உயர்ந்த பரிசை வாங்கியது. அந்தப் போட்டியில் மிஷின் குவில்ட்டிங்குக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. இன்னொன்றும் சொன்னாள். அமிஷ் என்று, பழைய முறையில் எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு அங்கே உண்டு; அந்தப் பெண்கள் பணிவுக்காகக் குவில்ட்டில் வேண்டுமென்றே ஒரு தப்பு விடுவார்கள் என்பது கட்டுக்கதையாம். எனக்கு அந்தக் கவலையே இல்லை. வேண்டாமென்றாலும் தப்பு வந்துவிடும்.

துவைத்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள் என்றாள் அவள். பருத்திப் பஞ்சு துவைத்ததும் லேசாகச் சுருங்கி, போர்வை முழுக்கச் சின்னச் சின்ன மடிப்பு விழும். அந்த மடிப்புக்குள் என் கோணல் பாதி போய் ஒளிந்துகொண்டது. மீதிப் பாதி நன்றாகவே தெரிகிறது. மூன்றாவது வரிசை, இரண்டாவது கட்டம். பேரன் அதைத்தான் விரலால் தடவிக்கொண்டு தூங்குகிறான், மற்ற கட்டங்களைவிட அங்கே மேடு அதிகம்.

அக்கா, உங்கள் நூல் கத்தரி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை கொண்டுவருகிறேன். பிரிக்கும் ஊசியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
எதிர்வீட்டுத் தங்கை