எட்டுக் கால் ஐசியைக் கழற்றும் முன்

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். தங்கைக்கு முழங்கால் வலி குறைந்ததும் நிம்மதி. இங்கே அனைவரும் நலம். தம்பி மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டதால் கடையில் இப்போது நான் ஒருவன்தான். ஆனாலும் பழைய ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு படியேறி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சிடி பிளேயர், ஆம்ப்ளிபயர், ரெக்கார்டு பிளேயரின் ப்ரீ ஆம்ப் எல்லாவற்றிலும் இருக்கிற ஆப்-ஆம்புகளை, அதாவது ஒலிச் சிக்னலைப் பெருக்கும் அந்தச் சின்ன எட்டுக் கால் ஐசிகளைக் கழற்றிவிட்டு விலை உயர்ந்தவற்றைப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. ஐசி ஒலியை மாற்றுமா என்பதை அது உட்கார்ந்திருக்கும் சர்க்யூட்தான் சொல்லும், அதன் விலை சொல்லாது.

சிடி பிளேயரை அப்படியே விட்டுவிடு. அதன் கடைசி நிலையில் இருப்பது என்இ5532. எழுபதுகளின் இறுதியில் சிக்னெடிக்ஸ் கொண்டுவந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களின் பெரிய மிக்சர்களில் நூற்றுக்கணக்கில் வரிசையாக இருக்கும். நீ ஆசையாகக் கேட்கும் பாட்டுகளில் பலவும் உன் வீட்டுக்கு வரும் முன்பே பல 5532களுக்குள் புகுந்து வந்தவையாகத்தான் இருக்கும். கணக்கும் போட்டுப் பார். பிளேயர் தருவது 2 வோல்ட், அதன் உச்சம் 2.83. அந்த உயரத்தில் 20 கிலோஹெர்ட்ஸ் அலையைத் தர மைக்ரோவினாடிக்கு 0.36 வோல்ட் வேகம் போதும். ஐசியின் வோல்டேஜ் எவ்வளவு வேகமாக ஏறி இறங்க முடியும் என்பதைத்தான் ஸ்லூ ரேட் என்கிறார்கள், 5532இல் அது 9. நீ வாங்க நினைக்கும் எல்எம்4562இல் அது 20. தேவையைப்போல் இருபத்தைந்து மடங்கு கையில் இருக்கும்போது அதை ஐம்பது மடங்காக்குவதால் காதுக்கு வந்து சேருவது ஒன்றுமில்லை.

ஆம்ப்ளிபயரின் பாஸ்-ட்ரெபிள் போர்டு வேறு கதை. நம் ஊர் அசெம்பிள் செட்டுகளில் எல்லாம் இருக்கும் அதே 4558 ஆப்-ஆம்ப்தான் அதில். அதைக் கழற்றி 5532 போட்டால் இரைச்சல் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கால்கள் பொருந்தும், உண்மைதான். ஆனால் உன் போர்டில் 100 கே (ஒரு லட்சம் ஓம்) வால்யூம் கண்ட்ரோலின் நடுக்கால் நேராக ஐசியின் 3ஆம் காலுக்குப் போகிறது. 5532இன் உள்ளீட்டுக் கால் சுமார் 200 நானோஆம்பியர் இழுக்கும். அது 100 கே வழியாக ஓடினால் 20 மில்லிவோல்ட் டிசி.

இதே மாற்றத்தைச் செய்த ஒருவர் சென்ற மாதம் கடைக்கு வந்தார். வால்யூமைத் திருகினால் கரகர என்கிறது என்று கண்ட்ரோலையே புதிதாக மாற்றியிருந்தார், கரகரப்பு போகவில்லை. மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் 3ஆம் காலைத் தொட்டேன். வால்யூம் கீழே இருக்கும்போது பூஜ்யம். மெல்லத் திருகத் திருக மைனஸ் 5, மைனஸ் 11, கடைசியில் மைனஸ் 18 மில்லிவோல்ட். குமிழ் நகரும்போதெல்லாம் அந்த டிசியும் நகர்கிறது, அதுதான் ஸ்பீக்கரில் கரகரப்பு. ஐசியைக் கழற்றி டிஎல்072 போட்டேன். அதன் உள்ளீட்டில் இருப்பது ஃபெட் வகை டிரான்சிஸ்டர், கால் இழுக்கும் மின்னோட்டம் நானோவிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான பைக்கோஆம்பியர் கணக்கு. கரகரப்பு அந்த நிமிடமே போய்விட்டது. டேட்டாஷீட்டில் டிஎல்072இன் இரைச்சல் 18 நானோவோல்ட், 5532இன் இரைச்சல் வெறும் 5. ஆனாலும் அந்த இடத்துக்கு ஏற்றது டிஎல்072தான். உனக்குக் கொஞ்சம் செலவு செய்ய மனமிருந்தால் ஓபிஏ2134 போடு. அதுவும் ஃபெட்தான், இரைச்சல் 8.

ரெக்கார்டு பிளேயரின் ப்ரீ ஆம்பில் ஏடி797 போடுவதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குக் கவலை. 0.9 நானோவோல்ட் என்ற எண்ணைப் பார்த்து மயங்கிவிட்டாய். அடுத்த வரியையும் படி. மின்னோட்ட இரைச்சல், அதாவது உள்ளீட்டுக் கால் வழியாக வெளியே ஓடும் இரைச்சல், 2 பைக்கோஆம்பியர் என்று போட்டிருக்கும். உன் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் சுருள் அரை ஹென்றி. 10 கிலோஹெர்ட்ஸில் அது முப்பதாயிரம் ஓமுக்கு மேல். அதற்கு இணையாக ப்ரீ ஆம்பின் உள்ளீட்டில் இருக்கும் 47 கே ரெசிஸ்டரையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 26 கே. அதில் அந்த 2 பைக்கோஆம்பியர் ஓடினால் 52 நானோவோல்ட் இரைச்சல். அந்த 0.9 எங்கே போயிற்று? சுருளின் மின்தடை மிகக் குறைவாக இருக்கும் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் வைத்திருந்தால் ஏடி797ஐ நானே வாங்கிக் கொடுப்பேன். உனக்கு என்இ5534ஏ போதும், விலையும் கொஞ்சம்தான்.

எதைப் போட்டாலும் இரண்டு விஷயங்களை விட்டுவிடாதே. ஐசி பேஸின் அடியில் சப்ளைக் கால்களுக்கு ஒட்டினாற்போல 100 நானோபாரட் செராமிக் கபாசிட்டர் வை. இரட்டை ஐசியில் 4ஆம் 8ஆம் கால்கள், ஒற்றையில் 4ஆம் 7ஆம் கால்கள். எல்எம்4562 போன்ற வேகமானவை இது இல்லாவிட்டால் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானாகவே ஊளையிடத் தொடங்கிவிடும். பாட்டு வரும், ஆனால் ஏதோ முரட்டுத்தனமாக வரும். அதைத்தான் பலர் "விவரம் கூடிவிட்டது" என்று நம்புகிறார்கள். விரலை வைத்துப் பார், ஐசி கொதித்தால் சந்தேகப்படு. இன்னொன்று, சப்ளை வோல்டேஜ். ஏடி8620 பிளஸ் மைனஸ் 13 வோல்டுக்கு மேல் தாங்காது. உன் ஆம்பில் 15 இருக்கிறது.

விலை உயர்ந்த ஐசி மலிவாகக் கிடைத்தால் சப்ளை லைனில் மீட்டரைத் தொடரில் போட்டு அளந்து பார். ஓபிஏ2134 சும்மா இருக்கும்போதே 8 மில்லிஆம்பியர் இழுக்க வேண்டும். 3க்குள் நின்றால் டிஎல்072இன் எழுத்தை அழித்துவிட்டு வேறு பெயர் அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

முன்பு ஒருமுறை புதிய ஐசி போட்டதும் பாடகரின் குரல் முன்னால் வந்து நின்றது என்று எழுதியிருந்தாய். நீ பொய் சொல்கிறவன் இல்லை, உனக்கு அப்படிக் கேட்டிருக்கும். ஆனால் சேகர், ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போட்டு மறுபடி உட்காருவதற்குள் பழைய ஒலியின் நுணுக்கம் மனதில் தங்குவதில்லை. அந்த இடத்தை எதிர்பார்ப்பு நிரப்பிவிடுகிறது. ஒரே மாதிரி இரண்டு போர்டு செய்து, ஆளுக்கொரு ஐசி போட்டு, நடுவில் ஒரு மாற்றுச் சுவிட்ச் வை. 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி கொடுத்து இரண்டின் அவுட்புட்டும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள், கொஞ்சம் சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகத் தோன்றும். பிறகு மகனைச் சுவிட்சில் உட்கார வைத்துவிட்டு நீ திரும்பி உட்கார்ந்து கேள். அப்போதும் உன்னால் சரியாகச் சொல்ல முடிந்தால் நான் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொள்கிறேன்.

மிச்சமாகும் பணத்தில் பவர் சப்ளையின் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்களை மாற்று. இருபது வருடத்துக்கு மேலாக வெப்பத்தில் இருந்தவை, கொள்ளளவு குறைந்திருக்கும். வூஃபரின் ஓரத்து ஃபோமையும் தொட்டுப் பார். தூளாக உதிர்ந்தால் முதல் வேலை அதுதான்.

சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னாய், மறக்காதே. அதற்கு முன் அந்தப் போர்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. கபாசிட்டரை எங்கே வைப்பது, எந்தத் தடத்தை வெட்டுவது என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்