குறைமாதப் பிள்ளையின் நோவைப் பொருட்படுத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரிய வைத்திய நிபுணர், வைத்தியர்கள், தாதிய உத்தியோகத்தர்கள், சிற்றூழியர்கள் அனைவருக்கும்,

மல்லாவியைச் சேர்ந்த நாங்கள், 31ஆம் வாரத்திலேயே பிறந்துவிட்ட எங்கள் மகளைச் சுகத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். உயிரைக் காத்தமைக்கு நன்றி கூறுவது முறை. அதனோடு, அவளுக்கு நோகும் என்பதை நீங்கள் ஒருபோதும் மறவாதிருந்தமைக்கும் வெளிப்படையாக நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறோம்.

இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்க்கக் குதிக்காலில் குத்துவதும், கனூலா எனும் மெல்லிய குழாயை இரத்த நாளத்தில் ஏற்றுவதும், மூக்கு வழியே பால் குழாய் விடுவதும், பிளாஸ்டர் உரிப்பதும் இப்பிள்ளைகளுக்கு அன்றாடம் நேர்பவை. "பச்சைப் பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது" என்று ஊரில் ஆறுதல் சொன்னார்கள். நோவை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பு வழிகள் முந்தியே இயங்கத் தொடங்கிவிடுகின்றன என்றும், அதைத் தணிக்கும் வழிகள் பிந்தியே முதிர்வதால் குறைமாதப் பிள்ளைக்கு நோவு அதிகமாகவே இருக்கும் என்றும் உங்கள் தாதி ஒருவர்தான் எங்களுக்கு விளக்கினார். 1980கள் வரை மேலைநாட்டுப் பெரிய வைத்தியசாலைகளிற்கூட இத்தகைய சிசுக்களுக்குப் போதிய மயக்கமருந்து இன்றியே சத்திரசிகிச்சை நடந்ததாம். வலிநிவாரணி பெற்ற குறைமாதச் சிசுக்களே சத்திரசிகிச்சையை நன்றாகத் தாங்கின என்று 1987இல் வைத்தியர் ஆனந்தும் அவருடைய சகாக்களும் காட்டிய பின்னரே அந்த வழக்கம் மாறத் தொடங்கியதென அறிந்தபோது திகைத்துப்போனோம்.

நீங்கள் செய்தவை விலை உயர்ந்தவை அல்ல. இயன்றபோதெல்லாம் பரிசோதனைகளைச் சேர்த்து ஒரே குத்தில் முடித்தீர்கள். என் மனைவியின் நெஞ்சோடு தோல் பட அணைத்திருக்கும் வேளையிலேயே இரத்தம் எடுத்தீர்கள். அவர் விடுதியில் எழும்ப இயலாதிருந்த நாட்களில், ஒரு கையைத் தலையிலும் மறு கையை மடக்கிய கால்களிலும் வைத்து, கருவறையில் இருந்தவாறே பிள்ளையைச் சுருட்டிப் பிடிக்க எனக்குப் பழக்கினீர்கள். குத்துவதற்கு இரண்டு நிமிடங்களுக்கு முன் நாவில் சில துளி தாய்ப்பாலோ, அளந்த சீனிக் கரைசலோ விடுவீர்கள். (அந்தக் கரைசல் சிகிச்சை நேரத்துக்கு மட்டுமே உரியது, வீட்டில் சீனித் தண்ணீர் பருக்கக் கூடாது என்று என் மாமியாரிடம் கண்டிப்பாகச் சொன்னதற்கும் நன்றி.) நெற்றிச் சுருக்கத்தையும் இறுக மூடிய கண்களையும், திரையில் ஏறும் இதயத் துடிப்பையும் பார்த்து, அவள் அமைதியடையும் வரை கையை எடுக்காதிருந்தீர்கள்.

கண் பரிசோதனைதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டும், துணியால் சுற்றி அணைத்தும்கூட அவள் அழுதாள். நோவைக் குறைக்கலாம், முற்றாக நீக்க இயலாது என்று முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லியிருந்ததால் நாங்கள் கலங்கவில்லை.

ஏ-9 வீதியில் நோயாளர் காவு வண்டியைக் குலுக்காமல் ஓட்டிய சாரதிக்கும், இன்றும் வீடு தேடி வந்து நிறை பார்க்கும் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஊசி ஏற்றும் நேரத்தில் பெற்றோரை வெளியே நிறுத்தாமல், தந்தையரையும் உள்ளே அழைத்துப் பிள்ளையைப் பிடிக்கவிடும் உங்கள் வழக்கத்தை எவ்வளவு வேலைப்பளுவிலும் கைவிடாதீர்கள்.

நன்றியுடன்,
மல்லாவியிலிருந்து ஒரு தந்தையும் தாயும்