காசநோய் மாத்திரையும் சிவந்த சிறுநீரும்

ஆசிரியருக்கு,

காசநோய்க்கு மாத்திரை தொடங்கிய சில நாளிலேயே என் சித்தப்பா அதை நிறுத்தப் பார்த்தார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகவே ரத்தம் என்று பயந்துவிட்டார். அது ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தின் நிறம், அவ்வளவுதான். வியர்வை, கண்ணீர்கூட அப்படி மாறலாம். மாத்திரை கொடுத்தபோதே இதைச் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியசிட், கிருமியின் மேலுறை உருவாகாமல் தடுக்கும். கூடவே கை கால் மதமதப்பும் வரலாம். அதற்குத்தான் வைட்டமின் பி6 தருகிறார்கள். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, எத்தாம்புட்டால் என்ற காசநோய் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கருத்தடை மாத்திரையின் பலனை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். இதைப் பெண்களிடம் சொல்ல என்ன கூச்சமோ!

தொழுநோய் மருந்திலும் இதே கதைதான். குளோஃபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும். ஊர் கண்ணில் படுமே என்று மருந்தை விட்டுவிடத் தோன்றும். மருந்து முடிந்தபின் நிறம் மெல்லத் திரும்பிவிடும்.

காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம் மருந்து. பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி மிஞ்சும். மாத்திரை அட்டையோடு தமிழில் ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தால் என்ன?

– ஒரு வாசகர், விருதுநகர்