உதவி உண்டு என்பதை முன்னாலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்து ஏழை வீடுகளிலிருந்து வந்து, உதவித்தொகையிலேயே படித்துப் பட்டம் வாங்கியவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நானும் அப்படிப் படித்தவள்தான். அந்தப் பிள்ளைகளின் உழைப்பைப் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் அந்தப் பணம் எப்படி வந்தது, எப்போது வந்தது என்பது ஒரே வரியில் முடிந்துவிட்டது. எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது அதைப் பற்றித்தான்.

முதன்முதலில் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்த இரவு இன்னும் நினைவிருக்கிறது. 'குடும்பத்தின் ஆண்டு வருமானம்' என்று ஒரு கட்டம். அப்பா தினக்கூலிக்குப் போகிறவர். "மழை பெஞ்ச வருஷத்துக்கா, பெய்யாத வருஷத்துக்காம்மா?" என்று கேட்டார். ஒரு தொகையை எழுதினேன், அது கூடுதலோ என்று பயந்து அழித்தேன், மறுபடி எழுதினேன். மூன்றாம் தடவை அழித்ததில் அந்தக் கட்டமே கிழிந்துவிட்டது. கையில் இருந்தது அந்த ஒரு படிவம்தான். இன்னொன்று வாங்கிவர அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போனது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் ஒரு சம்பளச் சீட்டை இணைத்தால் முடிகிற வேலை. சீட்டே இல்லாத வீட்டுக்குத்தான் உதவி தேவை; அந்த வீட்டிடம்தான் அதிகச் சான்றுகளும் கேட்கப்படுகின்றன.

எப்படியோ உதவி கிடைத்தது. ஆனால் முதல் தவணை கைக்கு வரும்போது பருவத் தேர்வே நெருங்கிவிட்டது. விடுதியில் என் அறைத்தோழி என்னைவிட நன்றாகப் படிப்பவள். அவள் பெயரும் பட்டியலில் இருந்தது, பணம்தான் வரவில்லை. மூன்றாம் மாதம் பெட்டியைக் கட்டினாள். "பணம் வந்ததும் வந்துடறேன், நோட்ஸை மட்டும் எடுத்து வை" என்றாள். பணம் வந்தது. அதற்குள் அவள் ஒரு வேலையில் சேர்ந்து, வீட்டுக்குப் பணம் அனுப்பத் தொடங்கியிருந்தாள். அப்புறம் எங்கே திரும்புவது?

உழவூரில் பிறந்த கே. ஆர். நாராயணன், கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். பின்னாளில் டாட்டா உதவித்தொகை கிடைத்து லண்டனுக்குப் போய்ப் படித்தார். 1997-இல் குடியரசுத் தலைவரானார். இதைச் சொல்லித்தான் எங்கள் ஆசிரியர்கள் எங்களை ஊக்கப்படுத்தினார்கள். எனக்கோ, அந்த வகுப்புக்கு வெளியே அவரோடு சேர்ந்து நின்றிருக்கக்கூடிய மற்ற பிள்ளைகளின் நினைவுதான் வரும்.

அமெரிக்காவில் லிண்டன் ஜான்சனும் டெக்சாஸின் கிராமப்புற வறுமையிலிருந்து வந்தவர். கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தும் கடன் வாங்கியும் கல்லூரியில் படித்தார். நடுவில் படிப்பை நிறுத்திவிட்டுப் பள்ளி ஆசிரியராக வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பினார். அவரால் திரும்ப முடிந்தது. குடியரசுத் தலைவரான பிறகு, ஏழை மாணவர்களுக்கு அரசே உதவித்தொகையும் கடனும் தர வழிசெய்யும் உயர்கல்விச் சட்டத்தில், 1965 நவம்பர் 8 அன்று, தாம் படித்த அதே கல்லூரிக்கு வந்து கையெழுத்திட்டார். படிப்பு பாதியில் நிற்பது எப்படியிருக்கும் என்று தெரிந்த ஒருவர் போட்ட கையெழுத்து அது.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015-இல் ஒரு சோதனை செய்து பார்த்தது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களின் வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுகளுக்கும் கல்விக் கட்டணம் கிடையாது, அதற்குத் தனியாக எந்தப் படிவமும் நிரப்ப வேண்டாம் என்று அதில் இருந்தது. அந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு வழக்கமான முறையில் விண்ணப்பித்திருந்தாலும் ஏறக்குறைய அதே உதவி கிடைத்திருக்கும். ஆனால் கடிதம் பெறாதவர்களில் 100-க்கு 26 பேர் விண்ணப்பித்தார்கள். பெற்றவர்களில் 68 பேர். சேர்ந்தவர்களின் எண்ணிக்கையும் இரண்டு மடங்குக்கு மேல். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'கிடைத்தாலும் கிடைக்கும்' என்பதை நம்பிப் பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்ப ஏழை வீட்டுக்குத் துணிவு வராது. 'நிச்சயம் உண்டு' என்றால் அனுப்புவார்கள்.

கல்விக்கடன் பற்றியும் கட்டுரையில் இருந்தது. சரி, வேறு வழியில்லாதபோது வாங்கலாம். ஆனால் ஏற்கெனவே கடனில் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு கடனை உதவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உதவித்தொகை தருகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். எவ்வளவு தருவீர்கள் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். முதல் தவணையை வகுப்பு தொடங்கும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். சரிபார்க்க வேண்டியதை அதற்குப் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில், என்னென்ன உதவித்தொகைகள் உள்ளன, எந்தச் சான்றுகள் வேண்டும், கடைசி நாள் எது என்பதை ஒரு பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பிள்ளைகள் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த அப்படியொரு துண்டைப் பார்த்துத்தான் நான் விண்ணப்பித்தேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி